அவள் மோதிரத்தைக் கழற்றி வைக்கிறாள்

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். கண் தெரியாததால் நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது, அப்புறம் போனிலிருக்கும் டாக்பேக் என்ற குரல் எனக்கு வாசித்துக் காட்டுகிறது. இங்கே மார்கழிப் பனி. வேலூர் வெயிலுக்கு இந்த ஒரு மாதம்தான் லீவு. அப்பா மஃப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போயிருக்கிறார்.

போன ஞாயிறு, பெரிய டிவி ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. வேண்டாம் கண்ணு. எனக்கு வேண்டியது வேறு. அதைப் போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ டிவியில் ஆடியோ மெனுவுக்குள் போய் ‘ஆடியோ டிஸ்கிரிப்ஷன்’ என்பதை, அதாவது திரையில் நடப்பதை வாயால் சொல்லும் வர்ணனையை, போட்டுக் கொடுத்தாயே, மறுநாள் ராத்திரி நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஒரு துப்பறியும் தொடர். கணவனைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுத்துவிட்டு ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். கதவு சாத்தும் சத்தம். அதற்கப்புறம் பேச்சும் இல்லை, இசையும் இல்லை. முன்பெல்லாம் இப்படி ஓர் அமைதி வந்தால் “என்ன ஆச்சு?” என்பேன். “ஒண்ணும் ஆகலை, சும்மா நிக்கிறா” என்பார் அப்பா. அன்றைக்கு அந்த அமைதிக்குள் ஒரு தாழ்ந்த குரல் வந்தது. அவள் மோதிரத்தைக் கழற்றிச் சோப்புப் பெட்டியில் வைக்கிறாள். விரலில் வெள்ளையாகத் தடம். அதை மற்றக் கையால் மூடிக்கொள்கிறாள்.

அவ்வளவுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “புருஷன் திரும்பி வரமாட்டான், இவளுக்கு அது தெரியும்” என்றேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அப்பா, “எப்படிச் சொல்றே?” என்று கேட்டார். அவர் குனிந்திருந்ததில் மோதிரத்தைப் பார்க்கவில்லை. கண் போன இத்தனை வருஷத்தில், டிவியில் நடந்ததை நான் அவருக்கு எடுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அந்தக் குரலை உன்னிப்பாகக் கேட்கிறேன். முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரை திருத்தியவள் இல்லையா, ஒரு வாக்கியம் எப்படிக் கட்டியிருக்கிறது என்று காது தானாகவே போகிறது. வசனத்தின் மேல் ஏறாமல் இடுக்கில் நுழைந்து சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். ‘அவள் சோகமாக இருக்கிறாள்’ என்று நல்ல வர்ணனை சொல்லாது. உதடு நடுங்குகிறது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள் என்று சொல்லும். சோகமா கோபமா என்பது என் பாடு. அதை எனக்கு விட்டுவைக்கிறார்களே, அந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் படுகிறது. சில தொடர்களில் மனிதக் குரலுக்குப் பதில் இயந்திரக் குரல் வைத்திருக்கிறார்கள். சேதி வந்து சேர்கிறது, ஆனால் சாவு வீட்டையும் கல்யாண வீட்டையும் ஒரே மாதிரிப் படிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வர்ணனை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று உன் மாமா சொல்கிறார். 1981இல் வாஷிங்டனில் ஒரு நாடக அரங்கில் பார்வையில்லாதவர்களுக்காக இதை ஒழுங்காகத் தொடங்கினார்கள், அது உண்மைதான். ஆனால் நம் கலவை ஊர்ப் பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துப் பார். திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னால் நின்றபடியே, நான் இன்னார், இப்படிப்பட்ட கிரீடம், தோளில் இப்படிப்பட்ட புஜகீர்த்தி என்று வேஷக்காரர் பாடுவார். “ஆருய்யா நீங்க?” என்று கட்டியங்காரன் கேட்பான். பதில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். எங்கள் ஊரில் பார்வையில்லாத பெரியவர் ஒருவர் முதல் வரிசையில் கோணிப்பை விரித்து விடிய விடிய உட்கார்ந்திருப்பார். இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று சின்ன வயதில் நாங்கள் பேசிக்கொள்வோம். இப்போதுதான் தெரிகிறது, அவருக்கு எதுவும் விட்டுப்போயிருக்காது. வானொலியில் அப்துல் ஜப்பார் கிரிக்கெட் வர்ணனை சொன்ன காலத்திலும் அப்படித்தான், பந்து எந்தப் பக்கம் போனது, யார் ஓடினார் எல்லாம் காதிலேயே தெரியும். இப்போது டிவியில் “ஆஹா, என்ன ஷாட்!” என்கிறார்கள். என்ன ஷாட் என்று சொல்லுங்களேன் ஐயா.

தமிழ் டிவியில்தான் எனக்கு மனசு நொந்துபோகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? தண்ணீரில்லாத ஆறு உள்ள ஊர் என்று நம் ஊருக்குப் பேர். என் கண் இருந்தவரை பெரும்பாலும் மணலாகவே பார்த்த ஆறு. அது கரை புரண்டு ஓடுவதை நேரலையில் காட்டினார்கள். நிருபர் “நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். இரைச்சல் மட்டும் எனக்குக் கேட்டது. மாடியில் குடியிருந்த காலேஜ் பையன் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: “டீ கலர்ல ஓடுது ஆன்ட்டி. ஒரு முழு மரம், வேரோட, சுத்திக்கிட்டே பாலத்துக்கு அடியில போகுது. கரையில ஜனம் செல்போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.” பாலாற்றை நான் பார்த்தேன் கண்ணு. அந்தப் பையன் தயவில் பார்த்தேன்.

மழைக்கு எந்த மாவட்டத்தில் பள்ளி விடுமுறை என்பது எழுத்தாக ஓடுகிறது. விளம்பரத்தில் “திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்” என்கிறார்கள். சீரியலில் யாராவது அதிர்ச்சியானால் ஒவ்வொரு முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுகிறார்களாம், கூடவே டமால் டமால் என்று இசை. அந்த இடைவெளியில் நாலு வாக்கியம் தாராளமாகச் சொல்லலாம். எனக்காவது ஆங்கிலம் தெரியும், ஓடிடியில் ஆங்கில வர்ணனையைக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்வீட்டு ஆயாவுக்குச் சர்க்கரையில் பார்வை போய்விட்டது. நம் வீட்டுக்கு வந்தால் அந்த அமைதியான இடங்களில் “இன்னா சொல்றான்?” என்று என் கையைப் பிடித்து இழுக்கிறாள். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவில் மின்னணு ஊடகங்களுக்கு ஒலி வர்ணனை வேண்டும் என்று இருக்கிறது. அப்பா படித்துக் காட்டினார். 2023 ஜனவரியில் ‘பதான்’ படம் ஓடிடிக்கு வருமுன் இந்தியில் வர்ணனை சேர்க்கச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2024 மார்ச்சில் தியேட்டர் படங்களுக்கும் மத்திய அரசு நெறிமுறை கொண்டுவந்தது. தினம் ராத்திரி வீட்டுக்குள் வரும் சீரியலுக்குத்தான் ஒன்றையும் காணோம். உங்கள் இங்கிலாந்தில் சேனல்கள் நூற்றுக்குப் பத்து நிகழ்ச்சியிலாவது வர்ணனை வைத்தே ஆக வேண்டும் என்று நீதானே சொன்னாய்? அங்கேயும் அது சும்மா வந்திருக்காது. நெட்ஃபிளிக்ஸில் இந்த வசதி 2015இல் ‘டேர்டெவில்’ தொடரில்தான் முதலில் வந்தது. பார்வையில்லாத வக்கீல்தான் கதாநாயகன், அவன் கதையையே பார்வையில்லாதவர்கள் பார்க்க முடியவில்லையே என்று ஜனங்கள் கேட்டார்கள், வந்தது. கேட்க வேண்டும் கண்ணு. நான் ஒரு சேனலுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தொடர், வாரத்தில் ஒரே ஒரு நாள், தமிழ் வர்ணனையோடு போட்டுப் பாருங்கள் என்று. உனக்கு அனுப்புகிறேன். மரியாதை குறையாமல், ஆனால் கெஞ்சாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

இடையில் ஒன்று. நீ கண் அழுத்தம் பார்த்துக்கொண்டாயா? எனக்குப் பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் போனது, வலியே இல்லை. கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னதை நம்பி இரண்டு வருஷம் இருந்துவிட்டேன். க்ளாக்கோமா என்கிற இந்தக் கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது, தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். நாற்பது தாண்டிவிட்டாய், அங்கே உனக்குப் பரிசோதனை இலவசம். பொங்கலுக்குள் போய்விட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். போன மாதம் வீடியோ காலில் பாப்பா நம் டிவியைப் பார்த்துவிட்டு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாளே. “ஆயா, அவங்க மாம்பழக் கலர் புடவை. கையில சாவிக்கொத்து. மாமியார் பாக்கறதுக்குள்ள இடுப்பில சொருகிட்டாங்க.” அவள் தமிழ் கொஞ்சம் இழுத்து இழுத்து வருகிறது, பரவாயில்லை. கலர் சொல்கிறாள், கை என்ன செய்கிறது என்று சொல்கிறாள், யார் நல்லவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எதிர்வீட்டு ஆயா அன்றைக்குச் சாவிக்கொத்து விஷயத்தைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வாரம் முழுக்க வந்த கதையை ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குச் சேர்த்துப் போடுகிறார்கள். உங்களுக்கு அப்போது காலை எட்டரை. எதிர்வீட்டு ஆயாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறேன், அப்பா போனை டிவிக்கு எதிரே நிறுத்தி வைப்பார். பாப்பா எழுந்திருந்தால் போனை அவளிடம் கொடு.

அன்புடன்,
அம்மா