என் இடது கண்ணைக் கவனித்தவர்களுக்கு

முதல் நன்றி எங்கள் தெருமுனை ஸ்டூடியோ அண்ணனுக்கு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க உட்கார்ந்தவளிடம் மூன்று தடவை, "தலையை நேரா வைங்கம்மா" என்றீர்கள். நேராகத்தான் வைத்திருந்தேன். கடைசியில் கேமராவை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து பார்த்தீர்கள். "இடது கண்ணு கொஞ்சம் கீழ இறங்கியிருக்குதும்மா" என்று, போன வருஷப் போட்டோவையும் புதியதையும் கம்ப்யூட்டரில் அருகருகே வைத்துக் காட்டினீர்கள். வலி இல்லை, பார்வை மங்கவில்லை, மூக்கடைப்புகூட இல்லை. தூக்கம் போதவில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு மை தீட்டி மறைத்துக்கொண்டிருந்தேன் அண்ணே.

முதலில் பார்த்த இடத்தில், வலது கண்தான் பிதுங்குகிறது, தைராய்டாக இருக்கும் என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாகவே இருந்தது.

அடுத்துப் போன கண் டாக்டரம்மா அந்த இரண்டு போட்டோக்களையும் வெகுநேரம் பார்த்தார். கண்ணோர எலும்பில் கருவியை வைத்து அளந்தார். இடது கண் 3 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. உடனே சிடி ஸ்கேன். கன்னத்து எலும்புக்குள் இருக்கும் மேக்ஸிலரி சைனஸின் வாசல் அடைத்துக்கொண்டதாம். உள்ளே இருந்த காற்று மெல்ல மெல்ல உறிஞ்சப்பட, சுவர்கள் உள்வாங்கிவிட்டன. "ஜூஸ் பாக்கெட்டை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினா ஒட்டிப்போகும்ல, அதுதான். சைனஸோட கூரைதான் உங்க கண்ணுக்குத் தரை. தரை இறங்கினதால கண்ணும் இறங்கிடுச்சு" என்றார். சைலன்ட் சைனஸ் சிண்ட்ரோம். இந்தப் பெயரே 1994-இல்தான் வந்ததாம். டாக்டரம்மா, நீங்கள் சொன்ன அன்று இரவுதான் கட்டி கிட்டி என்ற பயமில்லாமல் தூங்கினேன்.

காது மூக்கு தொண்டை டாக்டருக்கு இரண்டு நன்றி. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல், மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு அடைப்பைத் திறந்தீர்கள். அங்கே எலும்பு கண்குழிச் சுவரோடு ஒட்டிக்கிடந்ததால் நிதானமாகத்தான் எடுக்க முடியும் என்று முன்னாடியே சொல்லியும் வைத்தீர்கள். கண்ணுக்கு அடியில் பிளேட் வைக்க நான் அவசரப்பட்டபோது, "ஆறு மாசம் பொறுங்க, சைனஸுக்குள்ள காற்று போனா கண்ணு தானா ஏறலாம்" என்று தடுத்தது அடுத்தது. ஏறியது. இப்போது வித்தியாசம் 1 மில்லிமீட்டர்தான். பிளேட் வேண்டாம் என்றாகிவிட்டது.

உப்புத் தண்ணீர் கலந்து நேரத்துக்கு மூக்கைக் கழுவவைத்து, "சிந்தாதீங்க அண்ணி" என்று கூடவே நின்ற என் நாத்தனாருக்கு எந்த வார்த்தையும் போதாது.

அண்ணே, அந்த இரண்டு போட்டோக்களையும் மாணவர்களுக்குக் காட்ட டாக்டரம்மா கேட்டார். கொடுத்துவிட்டேன், அடியில் உங்கள் ஸ்டூடியோ பெயர் தெரிகிறபடியே.