எத்தனை கிராம் என்று எழுதிக் கொடுங்கள்: கால்நடை மருத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்நடை மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், உதவியாளர்களுக்கும், வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நாய், பூனை வளர்ப்பவர்களின் தரப்பிலிருந்து இந்தக் கடிதம். அடுத்த தடுப்பூசி எப்போது, குடற்புழு மருந்து எப்போது என்பதையெல்லாம் நாங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறீர்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் நாங்களாக வாய் திறந்தால்தான் பேச்சு வருகிறது. அதுவும் கிளம்பும் நேரத்தில், கதவருகே நின்றபடி: "கொஞ்சம் வெயிட் போட்டிருக்கு, சாப்பாட்டைக் குறைங்க." எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, எத்தனை நாளில் என்ன மாற்றம் தெரிய வேண்டும்? ஒன்றுக்கும் பதில் தெரியாமல் வீடு திரும்புகிறோம். அங்கே உணவுப் பையின் மேலுள்ள விளம்பர வாசகமும் கைபேசியில் ஓடும் காணொளிகளும் இருக்கின்றன. அவை எந்தக் கேள்விக்கும் தயங்குவதே இல்லை.

உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். ஆனால் இது உங்கள் துறையே ஒப்புக்கொண்ட வேலை. உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, வலி ஆகிய நான்கு அடிப்படைப் பரிசோதனைகளோடு ஊட்டச்சத்து மதிப்பீட்டை ஐந்தாவதாகச் சேர்த்தது. ஒவ்வொரு வருகையிலும், ஒவ்வொரு பிராணிக்கும் அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். வெப்பமானி வைக்காமல் எங்களை அனுப்புவதில்லையே, சாப்பாட்டைக் கேட்காமல் மட்டும் ஏன் அனுப்ப வேண்டும்?

முதலில், கேட்கும் விதம். "என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்றால் நாங்கள் ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். கேள்வி அப்படி, பதிலும் அப்படி. கனடாவின் ஒன்டாரியோவில் இதை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. "காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை அது சாப்பிடுவதையெல்லாம் சொல்லுங்கள்" என்ற பாணியில் கேட்டபோது, வளர்ப்பவர்கள் கூடுதலாகப் பேசினார்கள். நொறுக்குத்தீனியும் மனிதச் சாப்பாடும் அப்போதுதான் பேச்சில் வந்தன. செலவில்லாத மாற்றம் இது.

அப்புறம், வீட்டில் யார் யார் ஊட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். மருத்துவமனைக்கு நாயைக் கூட்டிவருபவர் ஒருவர். மேசைக்கடியில் துண்டு போடுபவர் வேறொருவர். மாத்திரையை எதில் மறைத்துக் கொடுக்கிறார்கள், மெல்லும் குச்சி எத்தனை, பக்கத்து வீட்டில் என்ன கிடைக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய நீங்கள் எழுதிக் கொடுக்கும் 8 வாரப் பத்திய உணவு பலமுறை தோற்பது இந்த இடத்தில்தான். அது இதுவரை சாப்பிடாத புதுவகைப் புரதத்தைக் கறாராகக் கொடுத்துக்கொண்டே, இறைச்சிச் சுவையூட்டிய ஒட்டுண்ணி மாத்திரையையும் அதே நாய்க்குக் கொடுத்திருப்போம். அதுவும் உணவுக் கணக்கில் வரும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் முழுதாகச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. திட்டு விழும் என்ற பயம். தன் பிராணி குண்டாக இருப்பதாக யாராவது சொன்னால், தன் அன்பையே குறை சொன்னதுபோல் பலருக்குப் படுகிறது. அதனால் "குண்டாக இருக்கிறது" என்று தொடங்காமல், "இதன் விலா எலும்பைத் தொட்டுப் பார்க்கலாமா?" என்று தொடங்கிப் பாருங்கள். எங்கள் கையைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள். முஷ்டி மடக்கி விரல் முட்டிகளைத் தடவினால் தெரிவதுபோல் விலா தட்டுப்பட்டால் மெலிவு. விரித்த கையின் புறங்கை எலும்புபோல் இருந்தால் சரியான நிலை. உள்ளங்கைப் பக்கம் அழுத்தித் தேட வேண்டியதுபோல் இருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. உடல்வாகுக்கு நீங்கள் மதிப்பெண் போடும் 9 புள்ளி அளவுகோலில், சரியான நிலையான 5-க்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடை என்ற கணக்கையும் கூடவே சொல்லலாம். கைபட்டுத் தெரிந்துகொண்டதை நாங்கள் மறுத்துப் பேச மாட்டோம். வயதான பூனைகளில் தசையையும் தனியாகத் தடவிக் காட்டுங்கள். வயிறு உருண்டையாக இருக்க, முதுகுத்தண்டின் இரு பக்கமும் தசை கரைந்துபோயிருக்கலாம். தராசு அதைச் சொல்லாது.

இந்தப் பேச்சுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கும் வளர்ப்பவர்களுக்குச் சொல்ல, உங்களிடம் அருமையான சான்று ஒன்று இருக்கிறது. 48 லேப்ரடார் நாய்களை ஒரே ஈற்றுக் குட்டிகளிலிருந்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவளித்து, அவற்றின் வாழ்நாள் முழுதும் கவனித்த ஆய்வு. முடிவு 2002-ல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை இடைநிலை அளவில் 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அந்த ஆய்வை நடத்தியது ஒரு தீவன நிறுவனம்தான். ஆனாலும் குறைவாகப் போடுங்கள் என்ற முடிவால் தீவனம் விற்பவருக்கு என்ன லாபம்?

இனி, தலைப்பில் சொன்ன விஷயம். தயவுசெய்து கிராமில் எழுதிக் கொடுங்கள். "ஒரு கப்" என்பது வீட்டுக்கு வீடு வேறு. அளவுக் குவளை கொடுத்து உலர் உணவை அளக்கச் சொன்ன ஓர் ஆய்வில், சிலர் தேவையைவிட 48 சதவீதம் குறைவாகவும் சிலர் 152 சதவீதம் கூடுதலாகவும் எடுத்தார்கள். சமையலறைத் தராசு இருந்தால் இந்தக் குழப்பம் தீரும். ஆனால் தராசில் வைக்க ஓர் எண் வேண்டும், அதை நீங்கள்தான் தர முடியும்.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்; எங்களுக்காக ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன். சரியான எடை 5 கிலோ என்று நீங்கள் மதிப்பிடும் ஒரு பூனை. ஓய்வு நிலை ஆற்றல் தேவைக்கு, எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் சுமார் 234 கிலோகலோரி வருகிறது. கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு நாளொன்றுக்கு 250 என்று தொடங்குவோம். அதில் 10 சதவீதம், அதாவது 25, நொறுக்குத்தீனிக்கு. மீதி 225. நூறு கிராமில் 380 கிலோகலோரி உள்ள உலர் உணவென்றால் 59 கிராம். அவ்வளவுதான், ஒரு துண்டுச் சீட்டில் அடங்கிவிடும். கூடவே, அந்த 25 கிலோகலோரி என்பது வெறும் 6 கிராம் செடார் சீஸ் என்று ஒரு வரி சேர்த்தால், மேசைக்கடியில் போகும் துண்டுக்கு வாய்மொழி எச்சரிக்கையே தேவையில்லை. இது தொடக்கப் புள்ளி மட்டும்தான், பூனைக்குப் பூனை மாறும் என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் எடை மாறாதபோது கணக்கையே குப்பையில் போட்டுவிடுவோம்.

இந்தச் சீட்டைக் கொடுக்கக் கருத்தடை அறுவையைவிட நல்ல நாள் கிடையாது. அதற்குப் பிறகு ஆற்றல் தேவை குறைகிறது, பசி கூடுகிறது. தையல் பராமரிப்புக்கு ஒரு தாள் கொடுக்கிறீர்கள். அதன் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது?

பூனைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையை மட்டும் மறக்காமல் உரக்கச் சொல்லுங்கள்: பட்டினி போட்டு எடை குறைக்கக் கூடாது. குண்டான பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புது உணவை வைத்து, பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. நாய்க்கு ஓரளவு பலிக்கும் அந்த யுக்தி பூனையிடம் விபரீதமாகும். அதேபோல், குமட்டலோடு மருத்துவமனையில் படுத்திருக்கும் பூனைக்குச் சிறுநீரகச் சிறப்புணவை அங்கேயே அறிமுகப்படுத்தாதீர்கள். அந்த வாசனையையும் அந்த வேதனையையும் அது சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு வீட்டில் கிண்ணத்தின் பக்கமே வராது.

உணவுப் பையைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். நாங்கள் முதலில் பார்ப்பது மூலப்பொருள் பட்டியல். அதுதான் பையில் மிகக் குறைவாக உதவும் பகுதி. பட்டியல் எடை வரிசையில் வருகிறது, எடையில் நீரும் சேர்த்தி, ஆகவே பச்சை இறைச்சி எளிதாக முதலிடம் பிடித்துவிடும். இது முழுமையான, சமச்சீரான உணவா, எந்த வயதுக்கானது என்று சொல்லும் சின்ன எழுத்து வாசகம்தான் முக்கியம். பெரிய இன நாய்க்குட்டிகளை வளர்ப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கூடுதல் கால்சியம் எலும்பை வலுவாக்கும் என்று நம்பிப் பொடி வாங்கிக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குட்டிகளுக்கு அது எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கும். புரத ஒப்பீடும் ஒரு பொறி. டப்பா உணவில் 10 சதவீதம், உலர் உணவில் 30 சதவீதம் என்று பார்த்தவுடன் இரண்டாவது உயர்த்தி என்று தோன்றும். டப்பாவில் 78 சதவீதமும் பையில் 10 சதவீதமும் நீர் என்றால், நீரைக் கழித்தபின் டப்பாவில் 45, பையில் 33. கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

வீட்டில் சமைத்துப் போடுபவர்களைப் பற்றி: "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். முடித்தால் அவர்கள் சமைப்பதை நிறுத்த மாட்டார்கள், உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் அத்தியாவசியச் சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. அந்த 200-ல் பாதிக்கும் மேல் கால்நடை மருத்துவர்கள் எழுதியவை என்பதை நீங்களும் கவனிக்க வேண்டும். ஆகவே நினைவிலிருந்து ஒரு குறிப்பைச் சொல்லி அனுப்பாமல், ஊட்டச்சத்துச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். பூனை என்றால் இன்னும் கறார் வேண்டும். டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் பூனையின் இதயத்தசை தளரும் என்பது 1987-லேயே தெரிந்துவிட்டது; அதற்கு முன்பு கடையில் விற்ற உணவுகளைச் சாப்பிட்ட பூனைகளுக்கே அது நேர்ந்தது.

தானியமில்லா உணவு, பச்சை இறைச்சி உணவு இரண்டைப் பற்றியும் நாங்கள் வீறாப்போடு வருவோம். அப்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்புண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரிக்கத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று நிறுவ முடியாத நிலையில், 2022 இறுதியில், புதிய அறிவியல் தகவல் வரும்வரை பொது அறிவிப்பு இல்லை என்றது. இதை இப்படியே சொன்னால் எங்களுக்குப் புரியும். மிகைப்படுத்தினால், அடுத்த காணொளி உங்களைப் பொய்யராக்கிவிடும். பச்சை இறைச்சி விஷயத்தில் மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. சால்மோனெல்லா, லிஸ்டீரியா என்ற கிருமிகள் நாயோடு நின்றுவிடாமல் அதே தரையில் தவழும் குழந்தையையும் எட்டும் என்பதே போதும்.

கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்று. உங்கள் வரவேற்பறை அலமாரியில் உணவு விற்கிறீர்கள். நீங்கள் பரிந்துரைக்கும்போதெல்லாம் எங்கள் கண் அந்த அலமாரிக்குப் போகிறது. விற்பது தவறு என்று சொல்லவில்லை. சிறுநீரில் கல் உருவாகும் பூனைக்கான உணவு வேறெங்கு எளிதாகக் கிடைக்கும்? ஆனால் அந்தச் சந்தேகத்தை நீங்களே எடுத்துப் பேசுங்கள். "இதை நாங்கள் விற்கிறோம், எங்களுக்கு லாபமும் உண்டு, இதே தேவைக்கு இந்த இரண்டு மாற்றும் இருக்கின்றன, வெளியில் வாங்கினாலும் சரி" என்று சொல்லும் மருத்துவரை விட்டு நாங்கள் வேறெங்கும் போக மாட்டோம்.

இத்தனையும் மருத்துவர் ஒருவர் தலையில் விழ வேண்டியதில்லை. முன்பதிவு எடுப்பவர், "வரும்போது உணவுப் பையின் முன்பக்கம், பின்பக்கம் படம் எடுத்து வாருங்கள்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் பாதி நேரம் மிச்சம். உணவுப் பட்டியலை வாங்குவது, உடல்வாகுக்கு மதிப்பெண் போடுவது, தொலைபேசியில் தொடர்வது எல்லாம் பயிற்சி பெற்ற செவிலியரே செய்யக்கூடியவை; வேலை வரிசையில் அவருக்கென்று நேரம் ஒதுக்கினால் போதும். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வது மட்டும் முக்கியம். மருத்துவர் ஒன்று சொல்லி, உதவியாளர் வேறொன்று சொன்னால், எது வசதியோ அதைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

கடைசியாக, சீட்டைக் கொடுத்த கையோடு மறு வருகைக்கும் தேதி போடுங்கள். நாய்க்கு வாரத்துக்கு 1 முதல் 2 சதவீதம், பூனைக்கு 0.5 முதல் 2 சதவீதம் எடைக் குறைவு போதும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 40 கிலோ நாயிடம் அது வாரத்துக்கு அரைக் கிலோ சுற்றித்தான். தெரியாதவர் இரண்டாம் வாரமே சோர்ந்துவிடுவார். எடைமேடையைக் காத்திருப்பு அறையில் வையுங்கள். கட்டணமில்லாமல், மருத்துவரைப் பார்க்காமல், வந்து நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொண்டு போக அனுமதியுங்கள். அந்த எண் நின்றுபோன வாரம் யாராவது ஒருவர் எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கிராமை மாற்றிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாயும் பூனையும் வளர்ப்பவர்களில் ஒருவர்