எண்ணெய் தடவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால், குன்னூர், அருவங்காடு பகுதிகளில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் வீட்டுப் பரண்களில் பழைய ராணுவப் பொருட்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரிலிருந்து என் தாத்தா கொண்டுவந்த நச்சுவாயு முகமூடிக்குப் பளபளப்பு வரட்டும் என்று நான் தேங்காய் எண்ணெய் தடவினேன். சில மாதங்களில் ரப்பர் உப்பி, விரல் ரேகை பதியும் அளவுக்குப் பிசுபிசுத்துவிட்டது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இயற்கை ரப்பரை ஆக்சிஜனும் ஓசோனும் மெல்ல அரிக்கின்றன. வெயிலும் சூடும், பட்டையிலுள்ள பித்தளைக் கொக்கியின் செம்பும் அதை விரைவுபடுத்துகின்றன. இறுகி வெடித்த ரப்பரை எந்தப் பூச்சாலும் பழையபடி ஆக்க முடியாது. மடிக்காமல், உள்ளே அமிலமற்ற தாளைத் திணித்து வடிவம் கெடாமல், இருட்டான, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைப்பதே நாம் செய்யக்கூடியது. பழைய பொருட்களில் காணப்படும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகையில் வினிகர் வாடை வந்தால், அது சிதைகிறது என்று பொருள்; உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும். நம் மலையின் மூடுபனி ஈரம் அந்தச் சிதைவைக் கூட்டும்.

இன்னொன்று: அக்காலப் பிரிட்டிஷ் முகமூடி வடிகட்டிகள் பலவற்றில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருப்பதால், குழந்தைகள் அணிந்து விளையாட விடவே கூடாது.

உதகை அரசு அருங்காட்சியகம் இதற்கென ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்