சித்திரப் பாடவேளையைச் சித்திரத்துக்கே விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிப் பிள்ளைகள் முதலில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தேறட்டும், சித்திரத்தை எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது, நானும் பதினோராம் வகுப்பின் ஓ.எல். பரீட்சை முடிவு வருகிற நாளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிற ஆள்தான். ஆனால் பிறகு, பிறகு என்று சொல்லிச் சொல்லியே 2009இல் போர் முடிந்தபின் முதலாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஓ.எல்.லும் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்களைப் போல அடிபட்ட மெக்சிக்கோ அப்படித் தள்ளிப்போடவில்லை. அங்கே 1910இல் தொடங்கிய புரட்சி பத்து வருடம் நாட்டைப் போட்டு அடித்தது. பெரும்பாலான சனத்துக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அந்த நிலைமையில் 1921இல் கல்வி அமைச்சரான ஹோசே வாஸ்கொன்செலோஸ், பள்ளிக்கூடமும் வாசிகசாலையும் திறந்த கையோடு ஓவியர்களையும் கூப்பிட்டு அரச கட்டடச் சுவர்களைக் கொடுத்தார். அந்தச் சுவரோவியங்கள் உலகப் பிரசித்தம், எனக்கென்னவோ அச்சுப் படங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. சுவரை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகேலாது, தாளைக் கொண்டுபோகலாம். மெக்சிக்கோ நகரப் பக்கத்துத் திலால்பானில் திறந்தவெளி ஓவியப் பள்ளி நடத்திய பிரான்சிஸ்கோ டியாஸ் தே லியோன் சிறுவர்களுக்கு மரத்தில் செதுக்கி அச்செடுக்கப் பழக்கினார். 1937இல் லியோபோல்டோ மெண்டெஸும் கூட்டாளிகளும் தொடங்கிய மக்கள் அச்சுக்கலைப் பட்டறை, லினோலியம் என்கிற தரைவிரிப்புத் தகட்டில் செதுக்கி மலிவுத் தாளில் அடித்து, எழுத்தறிவு இயக்கத்துக்கும் சுவரொட்டி செய்தது. ஒருவர் வரைந்ததை எல்லோருமாகக் கூடியிருந்து குறை சொல்லித் திருத்துவது அங்கே வழக்கம். (எங்கள் சங்கங்களில் செய்து பாருங்கள், அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.)

அங்கே அரசே முன்னுக்கு நின்றது, எங்கள் கதை வேறு, சரி. ஆனால் எங்கள் சந்திகளில் தொங்குகிற பனர்களைக் கவனித்திருக்கிறீர்களா? டெங்கு அறிவித்தலோ கமக்காரர் கூட்டமோ, எல்லாம் வெளியில் அடித்து வந்தது. படத்தில் நிற்கிற கமக்காரன் இணையத்தில் எடுத்த ஆள், வயலும் எங்கள் வயல் இல்லை.

இதை மாற்றப் பெரிய செலவில்லை. வெண்டிக்காயை வெட்டி வர்ணத்தில் தோய்த்து ஒற்றுவதோடு எங்கள் பிள்ளைகளின் அச்சுப்பதிப்பு நின்றுவிடுகிறது. லினோலியத்துக்கு நாங்கள் எங்கே போவது? பழைய சைக்கிள் ரியூபைக் கத்தரித்து மட்டையில் ஒட்டி, மை தடவி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தால் படம் வரும். ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருவன் அப்பப்பாவின் லாண்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, இப்படிச் செய்தான். எழுத்தை இடம்வலம் மாற்றி ஒட்டச் சொல்லியும் கேட்கவில்லை, அதன் இழுவைப் பெட்டியின் இலக்கம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித்தான் விழுந்தது. அதற்கென்ன, அடித்து அடித்து ஒழுங்கை முழுக்கக் கொடுத்துவிட்டான்.

கடைசித் தவணை வந்தாலே சித்திரப் பாடவேளையில் கணித மேலதிக வகுப்பு வைப்பதை வலயக் கல்வி அலுவலகங்கள் நிற்பாட்ட வேண்டும். பிரதேச சபைகள் தங்கள் அறிவித்தல்களில் ஒன்றிரண்டையாவது பள்ளிக்கூடங்களுக்குத் தரலாம். டெங்குச் சுவரொட்டி மாரி மழைக்கு நிற்க எண்ணெய் மை வேண்டும், அதை மட்டும் யாராவது வாங்கித் தந்தால் மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

சித்திர ஆசிரியை ஒருவர்,
ஒட்டுசுட்டான்.