மாற்கு எதையும் விளக்கவில்லை

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சொட்டு மருந்தும் கையுமாகக் கிடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை, வேதாகமத்தின் சின்ன எழுத்துகூடத் தெரிகிறது.

வாலிபர் முகாம் பொறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததைச் சொல்லி, "விசுவாசி என்ற நற்பெயர், என் சாட்சி, கெட்டுப்போயிற்று, சபையில் யார் யாருக்கு விளக்கம் சொல்வது?" என்று கேட்டிருந்தாய். படித்ததும் வேதாகமத்தில் வரும் மாற்குதான் நினைவுக்கு வந்தான். ஊழியப் பயணத்தின் நடுவே, பம்பிலியா என்ற நாட்டில், கூட வந்த ஊழியர்களான பவுலையும் பர்னபாவையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவன். அடுத்த பயணத்தில் அவனைச் சேர்க்கலாம் என்று பர்னபாவும், வேண்டாம் என்று பவுலுமாக அந்த இரண்டு பெரியவர்களுமே சண்டைபோட்டுப் பிரிந்தார்கள். அதைவிடவா உன் கதை மோசம்? அப்புறம் அதே பவுல், தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். நடுவில் மாற்கு தன் பக்க நியாயத்தைப் பேசியதாக ஒரு வரிகூட இல்லை. பர்னபாவோடு கப்பலேறி சீப்புருதீவுக்கு (இன்றைய சைப்ரஸ்) வேலை செய்யப் போனான், அவ்வளவுதான்.

ஆகவே விளக்கக் கடிதம் எதுவும் அனுப்பாதே. உன்னால் சிரமப்பட்டவர்களிடம் மட்டும் நேரில் போய் மன்னிப்புக் கேள். முகாம் கணக்கு உன்னிடம் இருந்தால் அதை ஒப்படைத்துவிடு.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் கேட்கலாம். கணவரை இழந்த ஒரு அம்மாவிடம், அடக்க ஆராதனை அன்று, "அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்" என்றேன். போனது நான்கு மாதம் கழித்து. அவர் கோபிக்கவில்லை. "அந்த வாரம் முழுக்க வாசல் விளக்கை அணைக்கவே இல்லை தம்பி" என்றார். அதே நான்கு மாதத்தில் நான் மேடையேறி, கர்த்தர் எனக்குச் செய்ததை மூன்று முறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன்! வேதாகமத்தில் வரும் தொற்காள் என்ற பெண் இறந்தபோது விதவைகள் அவள் தைத்துக்கொடுத்த உடுப்புகளைக் காட்டி அழுதார்களே, என்னைப் பற்றிக் காட்ட அந்த அம்மாவிடம் என்ன இருந்திருக்கும்? அணையாத விளக்குதான்.

சரி, இப்போது செவ்வாய்தோறும் போய் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வருகிறேன். சில நாள் அவர் தூங்கியே விடுகிறார்.

உன் போதகரைத் தனியாகப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் எழுது, நானும் கூட வருகிறேன். பர்னபா வேஷம் எனக்குப் பொருந்துமா என்றுதான் தெரியவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்