முந்திரிக்கொத்தை வேண்டாம் என்ற பிள்ளைக்காக

வேனில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்கும் பையனின் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் பேர் எனக்குத் தெரியாது. என் போனில் உங்கள் எண்ணை ‘வேன் பையன் அம்மா’ என்றுதான் போட்டு வைத்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் இரண்டு தடவை பார்த்துச் சிரித்திருக்கிறோம், வேன் நிற்கும் இடத்தில் ஒரு தடவை பேசியிருக்கிறோம். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் உங்கள் பையன் தினமும் தன் ஜன்னல் சீட்டை என் மகளுக்குக் கொடுத்துவிடுகிறான். அந்த நட்பை நம்பித்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளை உங்கள் வீட்டுக்கு விளையாட அனுப்பினேன்.

அன்று நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே வார்த்தை நின்றுவிடும். நம்மைப் போலத் தயங்கி நிற்கும் மற்ற அம்மாக்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் உங்கள் பையன் வேனில் என் மகளிடம், “எங்க வீட்டுப் பலகாரத்தை நீ திங்க மாட்டியாமே, பாட்டி சொன்னாங்க” என்றானாம். அவள் வந்து சொன்னதும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நடந்தது இதுதான். அவளுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது. தின்றால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும். “யார் முந்திரி கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடணும்” என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறேன். பாட்டி அன்பாக முந்திரிக்கொத்தைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார். பேரிலேயே முந்திரி இருக்கிறதே! பிள்ளை பயந்து தட்டைத் தள்ளி, “அம்மா திங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றிருக்கிறாள்.

முந்திரிக்கொத்தில் ஏது முந்திரிப்பருப்பு? வறுத்த சிறுபயறு, வெல்லம், தேங்காய், எள். மும்மூன்று உருண்டையாகச் சேர்த்து மாவில் முக்கிப் பொரித்தால் கொடிமுந்திரிக் குலைபோல ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் என் அத்தை முந்திரிப்பருப்பை அண்டிப்பருப்பு என்றுதான் சொல்வார். டாக்டர் முந்திரி என்றார், பிள்ளை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? சொல்லியிருக்க வேண்டியவள் நான். உங்கள் வாசலில் நின்றபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முதல் தடவை அனுப்புகிறோம், அதற்குள் இதைக் கொடுக்காதே அதைக் கொடுக்காதே என்று அடுக்குவது மரியாதையாக இருக்குமா என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டியின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்பதற்கு ஒரு காலத்தில் கணக்கு வைத்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்து மண் இது. 19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதிக்காரர்களையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கவைத்து, ஒரே பந்தியில் உட்காரவைத்த ஊரும் இங்கேதான். சாமிதோப்பில் அந்த முத்திரிக்கிணறு இன்றும் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளை தட்டைத் தள்ளினால் பெரியவர்களுக்கு அது வெறும் தட்டாகத் தெரியாது. பாட்டியிடம் தயவுசெய்து சொல்லுங்கள், எங்கள் வீட்டில் அப்படி ஒரு நினைப்பு கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பக்கவாட்டில் கிணற்றுக் கப்பியைப் பார்த்தேன். கைப்பிடிச்சுவர் எவ்வளவு உயரம், மேலே வலை போட்டிருக்கிறதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த வாரம். ஜூன் மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து பெறும் நம் பக்கத்தில் அந்த நேரம் கிணற்றில் தண்ணீர் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நிற்கும். தண்ணீரில் விழும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. இவ்வளவும் தெரிந்தும், “சரி, அஞ்சு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தக்கலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்றரை மணிக்கே, இந்தப் பக்கமாக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றேன். அது பொய்.

வந்தபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகள் முற்றத்தில் கட்டம் கீறிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுப் பக்கம் போகும் சந்தில் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டுப் பாட்டி உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். தோல் மலைபோலக் குவிந்திருந்தது. மத்தியானத்திலிருந்தே அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். யாரும் கேட்காமலேயே என் பிள்ளையைக் காவல் காத்தவரைத்தான் என் பிள்ளை புண்படுத்திவிட்டாள். அவர் உங்கள் அம்மாவா மாமியாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

நாம் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அடுத்த வீட்டுக் கிணறும் நாயும் தாத்தாவின் குணமும் ஊருக்கே தெரியும். இப்போது திங்கள்சந்தைப் பிள்ளைக்கும் தக்கலைப் பிள்ளைக்கும் ஒரு வேன் சிநேகிதம் உண்டாக்கிவிடுகிறது. வீட்டுக்கு வீடுதான் தெரிவதில்லை. அதனால் நீங்கள் கேட்காமலேயே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. அன்று உங்கள் பையனை அனுப்புங்கள். எங்கள் கிணற்றுக்கு இரும்பு வலை உண்டு, பூட்டும் உண்டு. பின்னால் இருநூறு அடி தள்ளிக் குளம் இருக்கிறது, அந்தக் கேட்டைப் பூட்டிவிடுவேன். நாய் இல்லை. வீட்டில் நானும் என் அத்தையும் இருப்போம். மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனாலும் பிள்ளைகள் மேலே போக மாட்டார்கள், யார் மடியிலும் உட்கார மாட்டார்கள், கதவைச் சாத்தி விளையாட மாட்டார்கள். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. குழந்தைகளுக்குக் கெடுதல் செய்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள் என்பதால் இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். போன் அரை மணி நேரம்தான். அவனைக் கொண்டுவிடுவதும் கூட்டிப்போவதும் நீங்கள்தான், வேறு யாராவது வந்தால் உங்களுக்குப் போன் அடித்துக் கேட்காமல் விடமாட்டேன்.

அவனுக்கு என்ன ஆகாது, எதற்குப் பயப்படுவான், மூச்சிரைப்பு உண்டா என்று எழுதி அனுப்புங்கள். என் மகளுக்கு எப்போதாவது தெரியாமல் பாயசத்திலோ கேக்கிலோ முந்திரிப்பருப்பு போய், மூச்சு வாங்கினால் என்னைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், இல்லை கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

நீங்கள் பையனைக் கொண்டுவிடும்போது பாட்டியையும் கூட்டிவாருங்கள். பிள்ளையிடம் எல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டேன். அண்டிப்பருப்பு கலக்கவில்லை என்று பாட்டி வாயால் ஒரு தடவை கேட்டுக்கொண்டு தின்பாளாம். டப்பாவில் ஏழெட்டு முந்திரிக்கொத்து மிச்சமிருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள்.