ஒரு நெடிலைக் குறிலாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை

யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய கட்டற்ற வலைத் திட்டங்களைப் பராமரிக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிறுதோறும் ஐந்தாறு கல்லூரிப் பிள்ளைகள் கூடுவார்கள். போன வாரம் உங்கள் திட்டங்களில் ஒன்றை எடுத்தோம். வேலை சின்னது. ஒரு பொத்தானில் ‘சேமி’ என்பது ‘சேமீ’ என்று இருக்கிறது. அதைத் திருத்தி, ஓட்டிப் பார்த்து, அனுப்ப வேண்டும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம்.

திட்டத்தை ஓட்ட ‘மூன்றே கட்டளைகள்’ என்கிறது ரீட்மீ, அதாவது திட்டத்தோடு வரும் வழிகாட்டிக் கோப்பு. முதல் கட்டளையிலேயே கரண்ட் போய் வைஃபை அறுந்தது. கிட் குளோன் (திட்டத்தின் நிரலை நம் கணினிக்கு இறக்கும் கட்டளை) பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். ‘டெப்த் 1’ என்று சேர்த்தால் பழைய வரலாறு இல்லாமல் கடைசி நிலை மட்டும் இறங்கும். எனக்கே அது மூன்றாவது தடவைதான் ஞாபகம் வந்தது. புதுப் பிள்ளைக்கு யார் சொல்வது?

அப்புறம் டாக்கர், திட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டும் மென்பொருள். விண்டோஸில் அது ஓட, பயாஸில் (கணினி எழும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில்), கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவலைசேஷன் வசதியைத் திறந்திருக்க வேண்டும். இரண்டு மடிக்கணினிகளில் மூடிக்கிடந்தது. திறந்தோம். 4 ஜிபி ரேமில் டாக்கர், எடிட்டர், பிரவுசர் மூன்றும் சேர்ந்ததும் மவுஸே நகரவில்லை. ஒருத்திக்கு எல்லாம் ஓடியது, தரவுத்தளம் மட்டும் எழவில்லை. அரைமணி நேரம் தேடினோம். கல்லூரிப் பாடத்துக்காகப் போட்டிருந்த, தனக்கென்று ஒரு தரவுத்தளத்தோடு வரும் ஸாம்ப், தரவுத்தளத்துக்கான வாசலான 3306ஆம் போர்ட்டில் ஏற்கெனவே துண்டு போட்டு உட்கார்ந்திருந்தது! பிஎச்பி படிக்கிற பிள்ளைகளின் கணினியில் ஸாம்ப் இருப்பது அதிசயமா என்ன? போர்ட் எண்ணை எங்கே மாற்றுவது என்று ரீட்மீயில் ஒரு வரி இல்லை.

டாக்கரே வேண்டாம் என்று இன்னொருவன் நேரடியாக நோடு (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் மென்பொருள்) போட்டான், புத்தம்புதுப் பதிப்பு. உங்கள் திட்டம் கேட்பதோ பழையது. திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்திகள்.

உங்கள் கணினியில் எல்லாம் முன்பே இருப்பதால் உங்களுக்கு மூன்று கட்டளை போதுகிறது. ஒரே ஒரு தடவை, எதுவும் போடாத 4 ஜிபி விண்டோஸ் மடிக்கணினியில், ரீட்மீயை மட்டும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தடுக்கிய இடத்தையெல்லாம் அதிலேயே எழுதுங்கள். நோடு பதிப்பைச் சொல்லுங்கள். டாக்கர் இல்லாத வழி ஒன்றும் வேண்டும். ஒரு சொல்லைத் திருத்திப் பார்க்க ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம் போதாதா?

தமிழில் எழுதித்தர நாங்கள் தயார். ‘இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று புல் ரிக்வெஸ்ட் வந்தால் மாதக்கணக்கில் கிடப்பில் போடாமல் யாராவது பாருங்கள். ‘சேமீ’ இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அன்புடன்,
மாடி அறைக்காரன்